கண்ணாடியை மாத்துய்யா

தேவகோட்டை மைதானத்தில்
வேலியோரப் புளியமரத்திலிருந்து வரும் குரல் அது.
பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் கேட்கிறேன்.
இந்தச் சித்திரையில்
நிஜமாகவே மாற்ற வேண்டியதாயிற்று.

தப்பு என்னுடையதுதான்.
பந்தெண்ணும் ஆறு கூழாங்கல்லையும்
வெயில் கண்ணாடியையும்
ஒரே பையில் போட்டு வைத்திருந்தேன்.
பந்துவீச்சாளன் ஓடி வரும்போதெல்லாம்
அவன் இடுப்புக்குக் குறுக்கே ஒரு கீறலும் ஓடி வந்தது.
ஃபிரேமுக்கு ஒன்றுமில்லை.
என் மூக்கைத் தெரிந்த ஃபிரேம். விட மனசில்லை.

"கம்பெனி லென்ஸ் நாலாயிரத்து எண்ணூறு"
என்றார் காரைக்குடிக் கடையில் பரக்கத்துல்லா.
என் முகத்தைப் பார்த்தார்.
கீழ் இழுப்பறையைத் திறந்தார்.
"இது வெளி லென்ஸ். உங்க ஃபிரேமுக்குன்னே வெட்டுனது.
ஆயிரத்து நூத்தம்பது."
ஊதா விளக்கைக் காட்டினார்.
லென்ஸின் மறுபக்கம் வைத்த ரூபாய் நோட்டு
ஒளிராமல் கிடந்தது. அது போதும் எனக்கு.

பிறகு நிறம்.
சாம்பல், வட்டியைக் குறைத்து
முதலைத் தொடாத கணக்குப்பிள்ளை மாதிரி
எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டது.
மஞ்சள் மேகமூட்டத்துக்காம்.
மேகம் இங்கே ஐப்பசியில் வரும், அப்போது மேட்ச் ஏது?
நீலப் பாதரசப் பூச்சைப் போட்டுக்கொண்டு
வாசலில் நின்றேன். டீ கொண்டுவந்த பையன்
என்னைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டான்.
வேண்டாம்.
நான் விரலைத் தூக்கும் நேரத்தில்
அவுட்டானவன் தன் முகத்தையே
என்னிடம் பார்க்கக் கூடாது.

போலரைஸ்டு என்று ஒன்று கொடுத்தார்.
தெருமுனை ஊரணிவரை நடந்துபோய்ப் பார்த்தேன்.
தண்ணீரின் பளபளப்பு கழன்று விழுந்தது.
அடியில் ஒற்றைச் செருப்பு, பித்தளைச் செம்பு,
அதைச் சுற்றி ஒரு கெளுத்தி.
அரை மணி நேரம் நின்றிருப்பேன்.
திரும்பி வந்து
பையிலிருந்த தோல் பந்தை எடுத்தேன்.
தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பக்கமும்
தேயாத பக்கமும் ஒன்றாய்த் தெரிந்தன.
பந்தின் மினுக்கைத் தின்கிற கண்ணாடி
மீன் பார்க்கிறவனுக்கு.

மிச்சம் பழுப்பு.
எங்கள் ஊர் மண் சிவப்பு, பந்தும் சிவப்பு;
மூணு மணிக்கு மேல் ஒன்றுக்குள் ஒன்று கரையும்.
"கொஞ்சம் உருட்டுங்க பாய்" என்றேன்.
அறுபது வயது வெள்ளைச் சட்டை
ரோட்டோரச் செம்மண்ணில் குனிந்து உருட்டியது.
மண் ஓரடி பின்வாங்க, பந்து தனியாக வந்தது.
இரண்டாம் தரம், தையல்கூடத் தெரிந்தது.
மூன்றாம் தரம் ஆட்டோ.
"இதையே போடுங்க."

வலது கண் டக்கென்று உட்கார்ந்தது.
இடதில், மூக்கோரம், நூல் பருமனுக்கு ஓர் இடைவெளி.
"வெளி லென்ஸ்னா அவ்வளவுதான் சார்" என்றார்.
அந்த நூல் வழியாக
நிறமேறாத வெயில் கொஞ்சம் உள்ளே வரும்.

பரக்கத்துல்லாவிடம் சொல்லாதது ஒன்று.
பங்குனியில் சாத்தப்பன் மட்டையில் பட்டது,
கீப்பர் பிடித்தது,
நான் அசையாமல் நின்றது,
புளியமரமே எழுந்து கத்தியது,
அதில் கீறலுக்குப் பங்கில்லை.
உரசலைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.
அந்த நொடியில் பூச்சொரிதல் வேட்டு ஒன்று வெடித்தது.
காதுக்கு எந்த இழுப்பறையிலும்
பொருந்துகிற ஒன்று இல்லை.

இந்த ஞாயிறும் அதே சாத்தப்பன்.
கால்காப்பில் பந்து. எல்லோரும் கை தூக்கினார்கள்.
தையலைப் பார்த்தேன், குத்திய இடத்தைப் பார்த்தேன்,
லெக் பக்கம் வெளியே. தலையாட்டினேன்.

"கண்ணாடியை மாத்துய்யா!"

மாத்தியாச்சு.
நாலாவது கல்லை
வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றினேன்.
கண்ணாடிக்கு இப்போது
சட்டைப் பை.